கல்லுக்குக் கம்பளி

கோவில்பட்டியில் பேட்டரிக்கு எதிரி வெயில். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அப்பா நடத்திய பேட்டரி சர்வீஸ் கடையில் நான் கற்ற முதல் பாடம் அதுதான். சித்திரை பிறந்தால் கடை வாசலில் லாரி பேட்டரியும் டிராக்டர் பேட்டரியும் வரிசை கட்டிக் கிடக்கும். மூடியைத் திருகிப் பார்த்தால் தண்ணீர் வற்றித் தட்டு வெளியே தெரியும். அப்பா டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றி, ராத்திரி முழுக்க மெதுவாகச் சார்ஜ் ஏற்றி, காலையில் ஹைட்ரோமீட்டரை விட்டு ஒவ்வொரு செல்லாக உறிஞ்சிப் பார்ப்பார். 1.260 காட்டினால் முகம் தெளியும். சூடு பத்து டிகிரி ஏறினால் பேட்டரியின் ஆயுள் பாதியாகும் என்று பின்னால் பாலிடெக்னிக்கில் படித்தேன். அதை அப்பா எனக்கு எப்போதோ சொல்லியிருந்தார்: "நிழல்ல இருக்கிற பேட்டரி ரெண்டு மடங்கு உழைக்கும்ல."

இன்னொன்றும் அந்தக் கடையில்தான் தெரிந்தது. ஆசிட் தெறித்த பருத்தி வேட்டி அன்றைக்கு ஒன்றும் ஆகாததுபோல இருக்கும். துவைத்துப் பிழிந்ததும் கண் கண்ணாகக் கிழிந்துவரும். அம்மாவுக்கு அதில் தீராத வருத்தம். ஆனால் அப்பா முழங்காலுக்கு அடியில் போட்டுக்கொள்ளும் பழைய மிலிட்டரிக் கம்பளித் துண்டு மட்டும் வருஷக்கணக்கில் அப்படியே கிடந்தது. நீர்த்த ஆசிட் பருத்தியைத் தின்னும், ஆட்டு மயிரை அவ்வளவு சுலபத்தில் தின்னாது. கடைக்குள் மட்டுமே செல்லுபடியாகும் அறிவு என்றுதான் அப்போது நினைத்திருந்தேன். அது எனக்குக் கைகொடுத்தது லடாக்கில், 4,000 மீட்டர் உயரத்தில்.

சூரிய மின்சார வேலைகளை எடுத்துச் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்திருந்தேன். 2003 டிசம்பரில் லடாக்கிலிருந்து தகவல் வந்தது. சிந்து நதியை ஒட்டிக் கிழக்கே மேலேறிப் போனால் வரும் ஒரு சிறிய ஊரில், நாற்பது வீட்டுக்கும் வெளிச்சம் கொடுக்கிற பொதுச் சூரிய மின்நிலையம் நின்றுபோய்விட்டது. அதை அமைத்தது வேறொரு ஒப்பந்தக்காரர். கோளாறு என்ன என்று பார்த்துச் சொல்லும் வேலைதான் எங்களுடையது. லோசர் நெருங்கிக்கொண்டிருந்தது. லடாக்கில் புத்தாண்டுப் பண்டிகை திபெத்தைவிட முன்னதாக, டிசம்பரிலேயே வந்துவிடும். பண்டிகை நேரத்தில் ஊர் இருட்டில் கிடந்தது.

லே 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விமானத்தை விட்டு இறங்கியதும் படிக்கட்டு ஏறினாலே மூச்சு வாங்கியது. உடம்பு பழகும்வரை அறையைவிட்டு வெளியே வரக்கூடாது என்றார்கள். ஜோஜி லா கணவாய் பனியில் மூடிவிட்டது, மணாலிச் சாலையும் அப்படியே. இனி வசந்தம் வரும்வரை லாரியில் ஒரு புதுச் செல்கூட வந்து சேராது. உள்ளே இருப்பதை வைத்துத்தான் எதையும் சரிசெய்ய வேண்டும். அந்த நிலைமை புரிந்தபோது குளிரைவிட அதுதான் எனக்கு அதிகம் உறைத்தது.

ஊருக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனவர் எல்லைச் சாலை அமைப்பில் டிரைவராக இருந்த ஒரு சங்கரன்கோவில்காரர். லடாக்கின் சாலைகளைப் பார்த்துக்கொள்ளும் ஹிமாங்க் திட்டத்தில் நம் ஆட்கள் நிறையப் பேர் உண்டு. வழியில் ஒரு முகாமில் இரவு தங்கினோம். வண்டியை நிறுத்தியதும் அவர் செய்த முதல் காரியம் ஸ்பேனரை எடுத்து டெர்மினலைக் கழற்றியது. பேட்டரியைத் தூக்கி இடுப்போடு அணைத்து அறைக்குள் கொண்டுவந்து, புகாரி அடுப்பிலிருந்து நாலைந்தடி தள்ளிச் சுவரோரம் வைத்தார்.

"தினமும் இப்படியா அண்ணே?"

"பின்ன? ராத்திரி வெளிய விட்டா காலைல செல்ஃப் எடுக்காது தம்பி. ஒரு இழுவை இழுக்கும், அவ்வளவுதான். ஆயிலும் கெட்டியாக் கெடக்கும். இங்க வண்டிக்கு ரெட்டிப்புப் பலம் வேணும், பேட்டரில பாதிதான் இருக்கும். என்ன செய்வீரு?"

ஒரு பாடப்புத்தகத்தில் இரண்டு பக்கம் எடுக்கும் விஷயத்தை அவர் சொல்லிவிட்டார். லெட்-ஆசிட் பேட்டரி பூஜ்யம் டிகிரியில் தன் கொள்ளளவில் எண்பது சதவீதம் அளவுதான் தரும். மைனஸ் 20இல் பாதி. ஆசிட் குளிரில் தடித்துப்போகிறது, தட்டின் நுண்துளைகளுக்குள் அயனிகள் போய்வரும் வேகம் குறைகிறது. மின்சாரம் உள்ளேயே இருந்தும் கைக்கு வருவதில்லை. திரும்பச் சூடேற்றினால் அந்தக் கொள்ளளவு திரும்பி வரும். ஆகவே குளிர் பேட்டரியைக் கொல்வதில்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். வெயில்போல அரிக்காது, சோம்பலாக்கும், அவ்வளவுதான் என்று.

மறுநாள் காலையில் அவர் டீசல் டேங்குக்கு அடியில் ஸ்டவ்வைப் பற்றவைத்துச் சூடுகாட்டிக்கொண்டிருந்தார். மெழுகுபோல உறைந்த டீசலை இளக்க அன்றைக்கு வேறு வழி இல்லை. மைனஸ் 33 டிகிரி வரை ஓடக்கூடிய குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் லடாக்குக்கென்று கொண்டுவந்தது 2019இல்தான். அதுவரை இந்த டிரைவர்கள் தீயைக் கையில் வைத்துக்கொண்டு டேங்கடியில் குனிந்து எத்தனை காலைகளைத் தொடங்கியிருப்பார்கள் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

ஊர் மின்நிலையத்தில் பேனல்களுக்கு ஒரு குறையும் இல்லை. சொல்லப்போனால் பேனலுக்குக் குளிர் பிடிக்கும். சிலிக்கான் செல்லின் வோல்டேஜ் குளிரக் குளிர ஏறும். நம் ஊரில் 21 வோல்ட் காட்டும் பேனல் அங்கே ஜனவரிக் காலை வெயிலில் 25 காட்டும். தூசி இல்லாத காற்று, மேகம் இல்லாத வானம். பேனல் துடித்துக்கொண்டு மின்சாரம் கொடுக்கிறது, வாங்கிக்கொள்ள வேண்டிய பேட்டரி விறைத்துக் கிடக்கிறது. லடாக்கின் சூரிய மின்சாரத்துக்கு இருக்கிற சிக்கலே இதுதான்.

பேட்டரிகளை ஊருக்கு வடக்கே, பேனல் வரிசையின் முதுகுப்பக்கத்தில், ஒரு தகரக் கொட்டகையில் வைத்திருந்தார்கள். குளிர்காலத்தில் சூரியன் தெற்கே தாழ்ந்து போகும்போது பேனல்களின் நிழல் முழுவதும் அந்தக் கொட்டகைமேல்தான் விழும். கோவில்பட்டியில் அப்படியொரு இடம் கிடைத்தால் அப்பா கும்பிட்டு வாங்கிக்கொள்வார். சமவெளியில் இருந்துகொண்டு வரைந்த வரைபடம் அது என்பது பார்த்தவுடனே தெரிந்தது: நிழல், காற்றோட்டம், நாலு பக்கமும் ஜன்னல் கம்பி. நம் ஊருக்கு அத்தனையும் சரி.

உள்ளே 48 செல்கள், இருபத்துநான்காக இரண்டு வரிசை, இரண்டு வோல்ட் டியூபுலர். கதவைத் திறந்து டார்ச் அடித்தேன். மூன்று செல்களின் பெட்டி விலாவில் பிளந்திருந்தது. பிளவில் ஆசிட் வழியவில்லை. வழிவதற்கு அங்கே திரவம் இல்லை, பனிக்கட்டிதான் இருந்தது. குளிர் பேட்டரியைக் கொல்லாது என்ற என் நினைப்பு அங்கேயே முடிந்தது.

கொட்டகையைப் பார்த்துக்கொண்ட இளைஞன் ஒரு நோட்டை நீட்டினான். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடம் ஒதுங்காதவன் இல்லை, பத்தாம் வகுப்பு வரை படித்தவன். தேதி வாரியாக, செல் வாரியாக எல்லா எண்களையும் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தான். கடைசிப் பக்கத்தில் பெரும்பாலான செல்களுக்கு 1.185 என்று இருந்தது. "ஏறக்குறைய பாதி சார்ஜ் இருந்ததே சார், எப்படி உறைஞ்சுது?" என்று இந்தியில் கேட்டான். அவன் கண்ணில் இருந்தது பயம். ஊர்க்காரர்கள் அளவுக்கு மீறி விளக்கு எரித்ததால்தான் பேட்டரி போயிற்று என்று ஏற்கெனவே யாரோ ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

அவன் எழுதிய எண் பொய் இல்லை. ஹைட்ரோமீட்டர்தான் குளிரில் இனிப்பாகப் பேசியது. குளிர்ந்த ஆசிட் சுருங்கி அடர்த்தி கூடுகிறது. மிதவை மேலே நிற்கிறது. 27 டிகிரிக்குக் கீழே ஒவ்வொரு டிகிரிக்கும் 0.0007 கழிக்க வேண்டும். மைனஸ் 10இல் எடுத்த 1.185 என்பது உண்மையில் 1.160க்கும் கீழே. அந்த அளவு ஆசிட் மைனஸ் 15, 16 டிகிரியில் உறைந்துவிடும். அந்த ஊரில் இரவு மைனஸ் 25.

லெட்-ஆசிட் பேட்டரியில் எனக்கு மிகவும் பிடித்ததும், பயமுறுத்துவதும் இந்த ஒரு குணம்தான். சார்ஜ் இறங்க இறங்க ஆசிட்டில் இருக்கிற சல்பேட் தட்டுக்குள் போய்விடுகிறது, மிஞ்சுவது தண்ணீர். நிறைந்த பேட்டரியின் ஆசிட் மைனஸ் 57 டிகிரி வரை உறையாது, அதாவது அந்த ஊரில் எந்த இரவும் அதை ஒன்றும் செய்யாது. தீர்ந்துபோன பேட்டரியோ மைனஸ் 10ஐக்கூடத் தாங்காது. பனிக்கட்டி விரிந்து தட்டை வளைக்கும், பெட்டியைப் பிளக்கும். குளிருக்கு எதிரான முதல் போர்வை பேட்டரிக்கு உள்ளேயே இருக்கிறது, சார்ஜ்தான் அது. வெளியே நாம் சுற்றுவதெல்லாம் அதற்குப் பிறகு.

அப்படியானால் சார்ஜ் ஏன் நிறையவில்லை? நாற்பது வீடு, வீட்டுக்கு இரண்டு 11 வாட் விளக்கு, சாயங்காலம் ஐந்தரை மணி நேரம். கூட்டினால் நாளைக்கு ஐந்து யூனிட்டுக்குள். பேனல்கள் அதைவிட அதிகம் தந்தன. கண்ட்ரோலரைத் திறந்து பார்த்ததும் விடை கிடைத்தது. நம் சமவெளிச் சூட்டுக்குச் சரியான வோல்டேஜில் சார்ஜை நிறுத்தும்படி அதை வைத்திருந்தார்கள். பேட்டரியின் சூட்டைப் பார்த்து அந்த அளவை மாற்றும் சென்சர் இணைக்கப்படவே இல்லை. அதற்கான இரண்டு திருகும் காலியாக இருந்தன. குளிர்ந்த செல்லுக்கு டிகிரிக்குச் சுமார் நாலு மில்லிவோல்ட் கூடுதலாகக் கொடுத்தால்தான் அது முழுதாக வாங்கும். மைனஸ் 10இல் அந்த 24 செல் வரிசைக்கு மூன்றரை வோல்ட் கூடத் தேவை. அது கிடைக்காததால் ஒவ்வொரு நாளும் பேட்டரி நிறைந்துவிட்டது என்று கண்ட்ரோலர் நினைத்துக் கதவைச் சாத்தியிருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறை சேர்ந்து, ஆசிட் நீர்த்து, ஒரு மைனஸ் 25 இரவில் முடிந்துவிட்டது.

ஊர்க்காரர்கள்மேல் பழி போட்ட அந்தத் தாளுக்கு என் அறிக்கையில் ஒரு பக்கம் முழுக்க மறுப்பு எழுதினேன். இன்றைக்கும் அதை ஒரு முக்கியமான வேலையாக நினைக்கிறேன். சாயங்காலம் இரண்டு விளக்குக்கு மேல் கேட்காத ஜனங்கள் அவர்கள்.

ஊர்த் தலைவரை அங்கே கோபா என்பார்கள். அவர் வீட்டு அடுக்களையில் கூட்டம் கூடியது. நடுவில் அடுப்பு, அதைச் சுற்றி எல்லோரும். வெண்ணெய்த் தேநீர் கிண்ணம் காலியாக விடவே மாட்டார்கள். பிளந்த மூன்றையும், சந்தேகப்பட்டவற்றையும் ஒதுக்கி, நல்ல செல்களாகப் பொறுக்கி ஒரே வரிசை அமைக்கலாம், வீட்டுக்கு ஒரு விளக்கு எரியும் என்றேன். சரி என்றார்கள். ஆனால் மறுபடி அதே தகரக் கொட்டகையிலா?

எங்களோடு வந்த கொட்டகை இளைஞன் அன்று மதியம்தான் ஒரு காரியம் செய்திருந்தான். வீட்டிலிருந்து ஆட்டுமயிர் நம்தா விரிப்புகளைக் கொண்டுவந்து செல்களைச் சுற்றிலும் இறுக்கிக் கட்டியிருந்தான். அதைச் சொன்னபோது மூலையில் கம்பளி நூற்றுக்கொண்டிருந்த அவன் பாட்டி, அபி-லே என்று எல்லோரும் கூப்பிடும் அந்த அம்மா, தக்ளியை நிறுத்திவிட்டு ஏதோ கேட்டார். எல்லோரும் அமைதியானார்கள். பேரன் எனக்கு இந்தியில் சொன்னான்: "கல்லுக்குக் கம்பளி போர்த்தினா கல்லு சூடாகுமான்னு கேக்குறாங்க."

எஞ்சினியரிங் படித்தவர்கள் பலர் தவறவிடும் இடத்தில் அந்த அம்மா கையை வைத்தார். கம்பளி சூட்டை உண்டாக்காது. சூடு போகிற வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். உள்ளே ஒரு ஊற்று இல்லாவிட்டால் எவ்வளவு தடித்த காப்பும் சில நாளில் வெளிக்குளிரோடு சமமாகிவிடும். தெர்மாகோல் சுற்றினால் பேட்டரி காப்பாற்றப்படும் என்று நினைக்கிறவர்கள் இந்தக் கேள்வியை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்: உள்ளே சூடு எங்கிருந்து வரும்?

அபி-லே அதற்கு அவருடைய பதிலையும் வைத்திருந்தார். லடாக்கி வீடுகளில் கீழ்த்தளம் ஆடுமாட்டுக்கு. அவற்றின் உடம்புச் சூடு மேலே ஏறி மனிதர்களைக் காக்கும். மொட்டைமாடியில் அடுக்கிய வைக்கோல் அந்தச் சூட்டை மேலே போகவிடாது. உருளைக்கிழங்கும் டர்னிப்பும் கேரட்டும் மண்ணுக்கடியில் குழி அறையில் கிடக்கும், அங்கே குளிர்காலம் முழுக்கக் கிழங்கு உறையாது. "கிழங்கு எங்க இருக்கோ அங்க வைங்க. அதுவரைக்கும் ஆடு எங்க இருக்கோ அங்க வைங்க" என்றார்.

ஆடு இருக்கும் இடத்தில்தான் அந்தக் குளிர்காலத்தைக் கழித்தோம். மின்நிலையத்துக்குப் பக்கத்து வீட்டின் கீழ்த்தளத்தில், பட்டிக்கு அடுத்த அறையில், ஆடுகள் நக்கிவிடாதபடி பலகை அடைத்து, அடியிலும் சுற்றிலும் வைக்கோல் வைத்து 24 செல்களையும் நிறுத்தினோம். சார்ஜ் முடியும் தறுவாயில் செல்லிலிருந்து ஹைட்ரஜன் வரும். காற்றில் நாலு சதவீதம் சேர்ந்தால் ஒரு பொறி போதும். ஆகவே கூரையோரம் ஒரு துவாரம் விட்டோம். அந்த அறைக்குள் விளக்கையோ பீடியையோ யாரும் கொண்டுபோகக் கூடாது என்று கோபா ஊருக்கே சொல்லிவைத்தார். கண்ட்ரோலரின் அளவை நான் கையால் திருகி உயர்த்தினேன். டிஸ்டில்ட் வாட்டர் கேன்களை அடுக்களைக்கு மாற்றினோம். தண்ணீர் விடுவதானால் காலை வெயிலில் சார்ஜ் ஏறத் தொடங்கிய பிறகுதான் விட வேண்டும் என்று இளைஞனிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். சாயங்காலம் விட்டால் தண்ணீர் ஆசிட்டோடு கலக்காமல் மேலாக நின்று ராத்திரியில் உறையும்.

லோசருக்கு வீட்டுக்கு ஒரு விளக்கு எரிந்தது.

லேவுக்குத் திரும்பி விமானத்துக்குக் காத்திருந்த நாட்களில் பழைய ஆங்கிலப் பேப்பர் ஒன்று கிடைத்தது. செவ்வாயில் இறங்கப்போகும் ஸ்பிரிட், ஆப்பர்சூனிட்டி என்ற இரண்டு வண்டிகளைப் பற்றி. 2004 ஜனவரியில் இரண்டும் இறங்கின. அவற்றின் பேட்டரியை ஏரோஜெல் காப்புக்குள் வைத்திருந்தார்கள்; உலகத்திலேயே எடை குறைந்த காப்புகளில் அது ஒன்று. அதோடு விடவில்லை. ஒவ்வொரு வண்டிக்கும் எட்டுச் சின்னப் புளூட்டோனியக் குப்பிகள், ஒவ்வொன்றும் ஒரு வாட் சூடு தரும்படி வைத்திருந்தார்கள். அபி-லேயின் கேள்விக்கு அங்கேயும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஆப்பர்சூனிட்டி 2018 வரை உழைத்தது.

எங்களுக்குப் புளூட்டோனியம் வேண்டியிருக்கவில்லை. பேட்டரி கல் இல்லை என்பதை அந்த வாரம்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். லெட்-ஆசிட் செல்லில் போட்டு எடுக்கிற மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்கு சூடாக வீணாகிறது. நாளைக்கு ஐந்து யூனிட் போய்வந்தால் ஒரு யூனிட் சூடு. தகரக் கொட்டகையில் அது வந்த சுவடு தெரியாமல் போய்விடும். ஆனால் மறுபடி 48 செல்லும் சேர்ந்தால் எடை ஒரு டன்னுக்கு மேல். அத்தனை ஈயமும் ஆசிட்டும் ஒரு டிகிரி குளிர வேண்டுமானால் கால் யூனிட்டுக்கு மேல் சூட்டை இழக்க வேண்டும். நாலு அங்குலத் தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்தால், உள்ளுக்கும் வெளிக்கும் 25 டிகிரி வித்தியாசம் இருந்தாலும், ஒரு ராத்திரிக்கு மூன்று டிகிரிதான் இறங்கும். பகலில் சார்ஜ் ஏறும்போது வீணாகும் சூடு அதை ஏறக்குறைய ஈடுகட்டிவிடும். அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். மண்ணுக்கடியில் வைத்தால் வெளியே 25 டிகிரி வித்தியாசமே இருக்காது என்பது அடுத்த வரி.

ஜூனில் திரும்பப் போனேன். அதற்கு முன்னால் போயும் பயனில்லை. உறைந்த மண்ணில் கடப்பாரை இறங்காது. ஊர்க்காரர்களே தோண்டினார்கள். கிழங்குக் குழிக்குப் பக்கத்தில், அதே மேட்டுச் சரிவில், தெற்குப் பார்த்த கதவோடு தனி அறை. கிழங்கோடு சேர்த்து வைக்க முடியாது. ஆசிட் ஆவி சாப்பாட்டுப் பொருளுக்கு ஆகாது. சுவர் பச்சைச் செங்கல். மேலே பாப்லர் உத்திரம், அதன்மேல் வில்லோக் குச்சிகள், வைக்கோல், மண். அவர்கள் வீட்டுக் கூரைக்குச் செய்வது எதுவோ அதுவே. உள்ளே பலகைப் பெட்டி. தரையிலிருந்து தூக்கி அடியிலும் காப்பு, ஏனென்றால் பலர் பக்கத்துக்கும் மேலுக்கும் காப்பு வைத்துவிட்டு அடியை மறந்துவிடுவார்கள். கனமான பேட்டரி அடித்தட்டு வழியாகத்தான் முதலில் சூட்டை இழக்கும். தெர்மாகோலுக்கு நீர்த்த ஆசிட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் மண்ணெண்ணெய் பட்டால் குழைந்துவிடும், தின்னர் கலந்த பெயின்ட் பட்டால் கரைந்தே போகும். ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் மண்ணெண்ணெய்க் கேன் இருந்ததால் அதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. செல்லை ஒட்டினாற்போல வரும் உள்பக்கத்துக்கு நம்தாதான் போட்டோம். பருத்திப் பஞ்சு மெத்தையைக் கொண்டுவந்தவர்களிடம் அப்பாவின் வேட்டிக் கதையைச் சொன்னேன். அபி-லே அதைக் கேட்டுவிட்டு, ஆட்டுமயிர்தான் நல்லது என்பதற்கு இவ்வளவு தூரத்திலிருந்து ஆள் வர வேண்டுமா என்பதுபோலத் தலையாட்டினார். பேரன் மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை.

மிகவும் கஷ்டம் கொடுத்தது காற்றுக்குழாய். வாயு போக வழி வேண்டும், குளிர் வர வழி கூடாது. இரண்டையும் ஒருசேரத் தரும் குழாய் உலகத்தில் இல்லை. ஹைட்ரஜன் காற்றைவிட மிக லேசு, தானே மேலேறும் என்பதால் பெட்டியின் மிக உயரமான மூலையிலிருந்து ஒரு குழாயைக் கூரைக்கு மேலே கொண்டுபோய், பனி விழாமல் வளைத்துவிட்டோம். உள்ளே வரும் காற்றுக்குத் தரையோரம் ஒரு சின்னக் குழாய், அதை மண்ணுக்குள்ளேயே பத்தடி ஓடவிட்டுக் கொண்டுவந்தோம்; வெளிக்குளிர் நேராக உள்ளே விழாமல் மண்ணின் கதகதப்பில் கொஞ்சம் சூடேறி வரட்டும் என்று. கண்ட்ரோலர் சென்சரை அறைச் சுவரில் அல்ல, வரிசையின் நடுச் செல்லின் விலாவிலேயே ஒட்டினோம். காப்புப் பெட்டிக்குள் அறைச் சூடும் செல் சூடும் ஒன்றாக இருக்காது.

அடுத்த ஜனவரியில் நான் போகவில்லை. நோட்டின் நகல் தபாலில் வந்தது. வெளியே மைனஸ் 26 என்று எழுதிய நாளில் செல் விலாவில் பிளஸ் 3. குளிர்காலம் முழுக்கப் பூஜ்யத்துக்குக் கீழே அது ஒரு நாளும் போகவில்லை. ஒவ்வொரு ஹைட்ரோமீட்டர் எண்ணுக்குப் பக்கத்திலும் சூட்டைக் கழித்துத் திருத்திய எண்ணைச் சிவப்பு மையில் எழுதியிருந்தான் அந்த இளைஞன். நான் அப்பாவிடம் காட்டினேன். அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நோட்டின் எண்களை விரலால் தடவிக்கொண்டே போனார். "சூட்டுல பாதி ஆயுள்னா குளிர்ல ரெண்டு மடங்குல்ல கெடைக்கணும்" என்றார். அது உண்மைதான். உறையாமல் காப்பாற்றிவிட்டால் குளிர்ந்த இடத்தில் இருக்கும் பேட்டரிக்கு ஆயுள் கூடும்; தானாகச் சார்ஜ் இறங்குவதும் அங்கே மெதுவாகத்தான். நான் குளிரை எதிரியாகவே பார்த்துக்கொண்டிருந்தேன், அப்பா அதில் இருந்த லாபத்தைப் பார்த்தார்.

ஊருக்கு வெளியே, மின்நிலையக் கம்பி எட்டாத வீடுகளின் கதை வேறு. அங்கே வீட்டுக்கு ஒரே ஒரு 12 வோல்ட் பேட்டரி, முப்பது கிலோ. அதே நாலு அங்குலக் காப்பு போட்டாலும் ஒரு ராத்திரியில் பத்து டிகிரிக்கு மேல் இறங்கிவிடும். எடை இல்லாததால் பிடித்துவைக்கச் சூடும் இல்லை. பெரிய வரிசைக்கு நான் போட்ட கணக்கு இதற்குச் செல்லாது. அவர்களுக்குச் சொன்னது, பெட்டியைப் பெரிதாகச் செய்து பேட்டரியோடு இருபது லிட்டர் தண்ணீர்க் கேன் ஒன்றையும் வையுங்கள் என்று. தண்ணீர் உறையும்போது சூட்டை வெளிவிடும். இருபது லிட்டரும் உறைந்து முடிவதற்குள் ஒன்றேமுக்கால் யூனிட்டுக்கு மேல் தரும். அது உறைந்துகொண்டிருக்கும்வரை பெட்டி பூஜ்யத்தை விட்டு அதிகம் கீழே போகாது. பகலில் கேனை வெயிலில் வைத்து இளக்கி, சாயங்காலம் மறுபடி உள்ளே. ஆடு மேய்க்கப் போகிறவர்களுக்கு இது கூடுதல் வேலை. ஆனாலும் செய்தார்கள்.

2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3இன் லேண்டர் விக்ரம் நிலவில் இறங்கியதை வீட்டில் எல்லோரோடும் உட்கார்ந்து பார்த்தேன். திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்று என் பெண் துள்ளினாள். எனக்கு மனம் முழுக்கச் செப்டம்பரில் இருந்தது. நிலவில் இரவு நம் கணக்கில் பதினான்கு நாள். ரோவர் பிரக்யானையும் விக்ரமையும் செப்டம்பர் முதல் வாரத்தில் உறங்கவைத்தபோது பிரக்யானின் பேட்டரியை முழுவதும் நிரப்பி, அதன் பேனலை அடுத்த விடியலை நோக்கித் திருப்பி வைத்திருந்தார்கள். இரவைத் தாண்டவைக்கும் சூட்டு ஊற்று அவற்றுக்குள் இல்லை. 22ஆம் தேதி கூப்பிட்டபோது பதில் வரவில்லை. ஒரு நிலவுப் பகலுக்காகச் செய்த கருவிகள் அவை, வேலையை முழுதாக முடித்துவிட்டுத்தான் உறங்கின. இருந்தும் அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஸ்ரீநகர்-லே உயர் அழுத்தக் கம்பித்தடம் 2019 பிப்ரவரியில் வந்தது. ஆனாலும் எட்டாத இடங்கள் மிச்சம் இருக்கின்றன. நோட்டு எழுதிய அந்த இளைஞனுக்கு இப்போது நாற்பது வயதைத் தாண்டிவிட்டது. லேயில் சொந்தமாகச் சூரிய மின்சார வேலை செய்கிறான். போன குளிர்காலத்தில் போன் செய்தான். இப்போது எல்லோரும் லித்தியம் கேட்கிறார்கள். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி குளிரில் மின்சாரம் கொடுக்கும், ஆனால் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது. ஏற்றினால் லித்தியம் எதிர்மின் தட்டுக்குள் நுழையாமல் அதன்மேல் உலோகமாகப் படியும். அந்தச் சேதம் திரும்பாது. ஆகவே உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சுற்று காலையில் சார்ஜை மறுத்துவிடுகிறது. அவன் கேட்டது, ஹீட்டர் பேட் ஒட்டியிருக்கிறேன் சார், அது ராத்திரி முழுக்க ஓடிப் பேட்டரியைத் தின்றுவிடுகிறது, என்ன செய்ய என்று.

லித்தியத்தில் வீணாகும் சூடு மிகக் குறைவு, பழைய கணக்கு உதவாது. ராத்திரியில் ஹீட்டரை ஓடவிடாதே, அப்போது சூடு வேண்டியதில்லை என்றேன். விடிந்து பேனலில் வெயில் விழுந்ததும் முதல் மின்சாரம் முழுவதும் ஹீட்டருக்குப் போகட்டும். செல் ஐந்து டிகிரி தொட்டதும் சார்ஜுக்குத் திருப்பு. ஒரு ரிலே போதும். அவன் குறித்துக்கொண்டான். பெட்டியை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். பழைய பழக்கத்தில் வெளியே, மண் அறையில் என்றான்.

லித்தியத்தில் சாதாரணமாக வாயு வராதே, வீட்டுக்குள்ளேயே கொண்டுவரலாமே என்றேன். அடுக்களைக்கு அடுத்த சாமான் அறை காலியாகத்தான் இருக்கிறது என்றான். அடுப்பிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்கணும் என்று கேட்டான். நடுவில் மண்சுவர் இருக்கட்டும், சுவருக்கும் பெட்டிக்கும் ஒரு கை இடைவெளி, சென்சர் செல்லோடு ஒட்டியே இருக்கட்டும் என்றேன். அறையை அளந்துவிட்டுச் சாயங்காலம் கூப்பிடுகிறேன் என்று வைத்தான்.